அயோர்ட்டாவை எந்தச் சுவரிலிருந்து அளப்பது?

கோயமுத்தூர்

அன்புள்ள சண்முகத்துக்கு,

தாராபுரத்தில் உன் ஸ்கேன் அறைக்குப் புது மெஷின் வந்த சேதி கேட்டு ரொம்பச் சந்தோஷம். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியான அயோர்ட்டா வயிற்றில் வீங்கியிருந்தால், திரையில் அளவெடுக்கும் குறியான கேலிப்பரை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாய்.

வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு வை. பிரிட்டனில் 65 வயது ஆண்களைக் கூப்பிட்டுப் பார்க்கும் திட்டத்தில் உட்சுவருக்கு உட்சுவர் அளக்கிறார்கள், அதுவும் தப்பில்லை. ஆனால் இரண்டு முறைக்கும் 3 மி.மீ. பக்கம் வித்தியாசம் வரும். சின்ன அனியூரிசம், அதாவது தமனி வீக்கம், ஒரு வருஷத்தில் வளர்வதே சராசரியாக 2, 3 மி.மீ.தான். போன வருஷம் ஒருவர் உள்ளே அளந்து இந்த வருஷம் நீ வெளியே அளந்தால், சும்மா இருக்கிற வீக்கம் வளர்ந்ததாகத் தெரியும். போன வருஷம் வெளியே, இந்த வருஷம் உள்ளே என்று அமைந்தால் இன்னும் ஆபத்து, வளர்ந்தது தெரியாமலே போய்விடும். எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்தச் சுவர் என்று எழுதிவிடு.

வயிறு 6 மணி நேரமாவது காலியாக இருக்கட்டும். முந்தின ராத்திரி கொள்ளுப்பருப்பு வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பு. 3.5 மெகாஹெர்ட்ஸ் வளைவு புரோப்பை நெஞ்சுக்குழிக்குக் கீழே குறுக்காக வைத்து முதலில் முதுகெலும்பைத் தேடு: வெள்ளை வளைவு, பின்னால் கருநிழல். அதன் முன்னால் நோயாளியின் இடப்பக்கம் இருப்பது அயோர்ட்டா, வலப்பக்கம் ஐவிசி என்கிற கீழ்ப்பெருஞ்சிரை. துடிப்பை நம்பாதே, பக்கத்து அயோர்ட்டாவின் துடிப்பு ஐவிசியிலும் தெரியும். லேசாக அமுக்கினால் நசுங்குவது ஐவிசி. அங்கிருந்து தொப்புள் பக்கம் இரண்டாகப் பிரியும் இடம் வரை விடாமல் இறங்கு. காற்று மறைத்தால் அமுக்கிப் பிடித்துக் கொஞ்சம் பொறு. அப்படியும் விலகாவிட்டால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கல்லீரல் வழியாகப் பார்.

அளவு தப்புவது பெரும்பாலும் மூன்று இடத்தில். வயதானவர்களுக்கு அயோர்ட்டா வளைந்து நெளிந்து போகும். உடம்புக்குக் குறுக்காக வெட்டினால் அது சாய்வெட்டாகி அளவு கூடும். குழாயின் போக்குக்குச் செங்குத்தாகும் வரை புரோப்பைத் திருப்பு. நெடுக்குவெட்டில் நடுவை விட்டு ஓரத்தில் வெட்டினால் அளவு குறையும். மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றும்: உள்ளே ரத்தம் உறைந்து சுவரோடு ஒட்டியிருக்கும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரில் நிறம் நிற்கிற இடத்தைச் சுவர் என்று எடுத்தால் 5 செ.மீ. வீக்கம் 3 ஆகிவிடும். முன்பின் அளவையே நம்பு. பக்கச் சுவர்கள் அலைக்கு இணையாகப் போவதால் மங்கித் தெரியும்.

3 செ.மீ. தொட்டால் அனியூரிசம். 3.9 வரை 3 வருஷத்துக்கு ஒருமுறை, 4 முதல் 4.9 வரை வருஷம் ஒருமுறை, 5 முதல் 5.4 வரை 6 மாதத்துக்கு ஒருமுறை. ஆணுக்கு 5.5, பெண்ணுக்கு 5 வந்தால் ரத்தநாள அறுவை மருத்துவரிடம் அனுப்பு. வருஷத்தில் 1 செ.மீ. வளர்ந்தாலும் அப்படித்தான். முழங்கால் பின்புறத் தமனியையும் ஒரு பார்வை பார்த்துவிடு, அங்கேயும் வீக்கம் சேர்ந்து வரும்.

ஊர் ஊராக முகாம் போடலாமா என்று எழுதியிருந்தாய். பதிவு செய்த இடத்தை விட்டு மெஷினை வெளியே கொண்டுபோக, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கிற சட்டம் லேசில் விடாது. அதற்கு உன் அறையிலேயே வழி இருக்கிறது. புராஸ்டேட்டுக்கோ பித்தப்பைக்கோ வருகிற 65 தாண்டிய பீடிக்காரர் ஒவ்வொருவருக்கும் இன்னும் இரண்டு நிமிஷம் செலவழித்து அயோர்ட்டாவையும் பார்.

"இடுப்புல கல்லு குத்துதுங்க" என்று ஒரு பெரியவர் வேர்த்து விறுவிறுத்து வந்தால், கிட்னியைப் பார்ப்பதற்கு முன்னால் அயோர்ட்டாவைப் பார். வீக்கம் இருப்பதை ஸ்கேன் சொல்லும். கசிகிறதா என்பதை நம்பிச் சொல்லாது, ரத்தம் பின்வயிற்றுக்குள் ஒளிந்துகொள்ளும். வலியோடு வீக்கமும் இருந்தால் மில்லிமீட்டர் பார்த்துக்கொண்டிருக்காதே. 108-ஐக் கூப்பிட்டு, இங்கே அறுவை அரங்கு உள்ள இடத்துக்குப் போனில் சொல்லிவிட்டு அனுப்பு.

புது மெஷினில் எடுத்த குறுக்குவெட்டுப் படம் இரண்டு, கேலிப்பர் வைத்தபடியே அனுப்பு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
பழனிச்சாமி