அந்தச் சவரனுக்கு மெருகு போடாதே

அன்பு நண்பா,

எட்டு மாத மௌனத்துக்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். இன்று இரவோடிரவாக எழுத வைத்தது உன் கடிதத்தின் கடைசி வரிதான். லண்டனில் இருந்த உன் பெரியப்பா விட்டுச்சென்ற 1902ஆம் ஆண்டுச் சவரன், அந்த ஆங்கிலேயத் தங்கக் காசு, மங்கிக் கிடப்பதால் ஆசாரியிடம் கொடுத்து மெருகு போடப்போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து கொடுத்துவிடாதே.

நீ அனுப்பிய படத்தைப் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். அரசர் ஏழாம் எட்வர்டின் தலையும், அதைச் சுற்றிய வெற்றிடமும், மறுபுறம் சிற்பி பிஸ்ட்ரூச்சி வடித்த குதிரை வீரனும் நுண்மணல் படிந்தாற்போல் ஒரே சீராக மங்கியிருக்கின்றன. அது அழுக்கன்று என்றே நினைக்கிறேன். சேகரிப்போருக்கென்று தனிக் கவனத்தோடு அடிக்கும் புரூஃப் நாணயம் என்றால் கண்ணாடிபோல் மின்னும் என்பதுதான் வழக்கம்; ஆனால் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக லண்டன் நாணயச்சாலை அடித்த புரூஃப் காசுகளை வேண்டுமென்றே பளபளப்பில்லாமல் வெளியிட்டது. அரசருக்குத் திடீரென அறுவை சிகிச்சை நடந்ததால் ஜூன் மாத விழா ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போன அதே ஆண்டு அது. ஆசாரிக்கு உன் காசு வெறும் 7.98 கிராம், 22 காரட் தங்கம். நம் ஊரில் பவுனுக்கு எட்டு கிராம் என்ற கணக்கே இந்தக் காசிலிருந்து வந்ததுதானே! அவர் ஒருமுறை தேய்த்தால் எடை அப்படியே இருக்கும், அந்த மங்கல் மட்டும் எந்நாளும் திரும்பாது.

இதை வலியோடு சொல்கிறேன். மூன்று ஆண்டுகள் சேமித்து, 1937ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் சவரன் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். அவ்வாண்டுச் சவரன் புழக்கத்துக்கென்று வரவே இல்லை; நான்கு தங்கக் காசுகள் கொண்ட 5,501 புரூஃப் பெட்டிகளில் மட்டுமே வந்தது, விளிம்பில்கூட வரிகள் இல்லாமல் வழவழவென்றிருக்கும். கை படாதது என்று விற்றவர் உறுதி கூறினார். வீட்டில் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோது அரசரின் முகத்துக்கு முன்னால் மயிரிழைக் கீறல்கள் கற்றையாகத் தெரிந்தன. யாரோ எப்போதோ நல்லெண்ணத்தோடு துணியால் துடைத்திருக்கிறார்கள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கணக்கு வாத்தியார் மேசையிலிருந்த பித்தளை மணியை நீ புளி போட்டுத் துலக்கி வாங்கிய அடி நினைவிருக்கிறதா? அந்தக் கை இப்போது சும்மா இருக்கட்டும். காசை விளிம்பில் மட்டும் பிடி. பெரியப்பாவின் பெட்டியிலேயே வை. அவருடைய பழைய ரசீதுகள் ஏதேனும் இருந்தால் எறியாதே. தைமாதம் உருப்பெருக்கியோடு வருகிறேன்; அரசரின் கழுத்துக்குக் கீழே, அந்தத் தலையை வடித்த டி சோல்ஸ் பொறித்த தன் பெயர்ச் சுருக்கத்தை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். ஆசாரியிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்கிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்