கேம்பிரிட்ஜில் கல்லூரியின் வேலை என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1209-இல் ஆக்ஸ்போர்டை விட்டு வந்த அறிஞர்கள், நியூட்டன், ராமானுஜன், கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் என்று சிறப்புகள் எல்லாம் இருந்தன. பிள்ளையை அங்கே அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு முதலில் தெரிய வேண்டியது மட்டும் விடுபட்டுவிட்டது. அங்கே கல்லூரியின் பொறுப்பு எது, பல்கலைக்கழகத்தின் பொறுப்பு எது? இது புரியாததால்தான் விண்ணப்பம் முதல் பணக்கணக்கு வரை தடுமாற்றம் வருகிறது.

நம் இணைப்புக் கல்லூரி முறையை மனத்தில் வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜைப் பார்க்கக் கூடாது. இங்கே பாடம் நடத்துவது கல்லூரி; பட்டம் தருவது பல்கலைக்கழகம். அங்கே விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம் எல்லாமே பல்கலைக்கழகத்தினுடையவை. டிரினிட்டி கல்லூரி மாணவரும் கர்ட்டன் கல்லூரி மாணவரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து ஒரே விரிவுரையைக் கேட்கிறார்கள். ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். இளநிலை மாணவரைத் தேர்ந்தெடுப்பது, அறை தருவது, சாப்பாடு, நலம் விசாரிப்பது, 'சூப்பர்விஷன்' என்னும் சிறுகுழுப் பாடத்துக்கு ஏற்பாடு செய்வது ஆகியவை கல்லூரியின் வேலை. மொத்தம் 31 கல்லூரிகள். 1284-இல் தொடங்கிய பீட்டர்ஹவுஸ்தான் மூத்தது. டார்வின், கிளேர் ஹால் இரண்டிலும் இளநிலை கிடையாது. நியூனம், மரே எட்வர்ட்ஸ் இரண்டும் பெண்களுக்கானவை.

ஆகவே 'பெரிய பெயருள்ள கல்லூரி கிடைத்தால்தான் மதிப்பு' என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை. கல்லூரியைக் குறிப்பிடாமலேயே விண்ணப்பிக்கலாம். கணினியே ஒரு கல்லூரியை ஒதுக்கித் தரும். நல்ல மாணவருக்குத் தன்னிடம் இடமில்லை என்றால், கல்லூரி அவரைப் பொதுப் பட்டியலில் சேர்க்கும். ஜனவரியில் மற்றக் கல்லூரிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கல்லூரியை நீங்களே தேர்ந்தெடுப்பதென்றால் கேட்க வேண்டியவை வேறு. நாம் விரும்பும் பாடம் அங்கே உண்டா? படிப்பு முடியும்வரை அறை தருவார்களா? துறைக்குச் சைக்கிளில் போக எவ்வளவு நேரம்? சமையலறையில் அடுப்பு இருக்கிறதா, வெறும் மைக்ரோவேவ்தானா? ராமானுஜன் டிரினிட்டியில் தம் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டார். இன்று பொதுவாக அறைக்குள் சமைக்க விடுவதில்லை. மாடிக்கு ஒன்றாக இருக்கும் 'ஜிப் ரூம்' என்ற சிறு சமையலறையைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும். சைவச் சாப்பாடு உணவுக்கூடத்தில் கிடைக்கும். ஆனால் எட்டு வாரப் பருவம் முழுவதும் அதையே நம்பியிருப்பது எல்லோருக்கும் ஒத்துவராது.

இந்த முறையின் உயிர்நாடி சூப்பர்விஷன்தான். ஓர் ஆசிரியர், ஒன்று முதல் மூன்று மாணவர்கள், ஒரு மணி நேரம். கணிதத்தில் முதலாண்டின் முதல் பருவத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு பாடங்கள், ஒவ்வொன்றிலும் 24 விரிவுரைகள். பாட வாரம் வியாழனில் தொடங்கிப் புதனில் முடியும். சனிக்கிழமை காலையிலும் வகுப்பு உண்டு. பாடத்துக்கு நான்கு கணக்குத் தாள்கள் வரும், தாளுக்கு ஒரு சூப்பர்விஷன். வழக்கமாக இருவர் சேர்ந்து போவார்கள். வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். விடைகளை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஆசிரியர் திருத்திக்கொண்டு வந்து உட்காருவார்.

நம் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். தெரிந்த கணக்குகளை மட்டும் அழகாக எழுதிக் கொடுப்பார்கள். தெரியாததை விட்டுவிடுவார்கள், அல்லது சீனியரிடம் விடை வாங்கி எழுதுவார்கள். அப்படிச் செய்தால் அந்த ஒரு மணி நேரம் வீண். பாதியில் நின்றுபோன முயற்சியை, எந்த வரியில் நின்றது என்று தெரியும்படி கொடுத்தால்தான் ஆசிரியரால் உதவ முடியும். சூப்பர்விஷன் வேலைக்குப் பட்ட மதிப்பெண்ணில் பங்கில்லை. தவறு செய்ய அஞ்ச வேண்டியதே இல்லை. வரலாறு, இலக்கியம் படிப்பவர்களுக்குக் கணக்குத் தாளுக்குப் பதில் ஏறக்குறைய வாரம் ஒரு கட்டுரை. வாசிப்புப் பட்டியலை முழுவதும் படித்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தால் கட்டுரை எழுதவே நேரம் இருக்காது.

விரிவுரை நடக்கும் பருவம் எட்டே வாரம். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பருவத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். ஐந்தாம் வாரத்தில் சோர்ந்துபோவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்போது யாரிடம் போவது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். 'டியூட்டர்' என்பவர் பாடம் நடத்துபவர் அல்லர். உடல்நலம், பணம், மனக்கஷ்டம் எதுவானாலும் அவரிடம் சொல்லலாம். பாடத் தேர்வுக்கும் முன்னேற்றத்துக்கும் 'டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ்'. வாராவாரம் பாடம் பார்ப்பவர் சூப்பர்வைசர். பாடச்சுமை தாங்கவில்லை என்று டியூட்டரிடம் சொல்வது அங்கே இயல்பு. அதனால் யார் பெயரும் கெடாது.

படிப்புக்கு வெளியேயும் வாழ்க்கை கல்லூரியைச் சுற்றியே நடக்கிறது. கறுப்பு அங்கி அணிந்து, லத்தீன் வேண்டுதலோடு தொடங்கும் 'ஃபார்மல்' விருந்து. டிரினிட்டி மாணவர்களின் அங்கி கருநீலம். கேம் நதி குறுகலானது என்பதால் 'பம்ப்ஸ்' போட்டியில் படகுகள் அருகருகே போவதில்லை. வரிசையாகக் கிளம்பி முன்னால் போகும் படகைத் தொட்டுவிட முயல்கின்றன. 'மே வாரம்' கொண்டாடப்படுவது ஜூனில், தேர்வு முடிந்த பிறகு. மூன்றாண்டு இயற்பியல் படித்தவருக்கும் கிடைப்பது பி.ஏ. பட்டம்தான், பெற்றோர் பதற வேண்டாம். பட்டமளிப்பிலும் கல்லூரி வாரியாகவே போவார்கள்: கல்லூரிப் பிரதிநிதியின் வலக்கை விரல்களை ஆளுக்கு ஒன்றாக நால்வர் பிடித்துக்கொண்டு செனட் ஹவுசில் முன்னே நடப்பார்கள்.

பணத்தில் மூன்று விஷயம். வெளிநாட்டு இளநிலை மாணவர் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு மேல் கல்லூரிக் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டும். அது ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்ட், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல கல்லூரிகளில் பருவம் முடிந்ததும் அறையைக் காலி செய்ய வேண்டும். விடுமுறையில் தங்க முன்கூட்டியே கேட்டு, அதற்கும் வாடகை கட்ட வேண்டும். கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகை முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே. அதை நம்பி பிளஸ் டூ மாணவர் திட்டமிடக் கூடாது.

தேதிகள்தாம் மிக முக்கியம். இளநிலைக்கு யூகாஸ் என்னும் பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15, பிரிட்டிஷ் நேரம் மாலை 6 மணி. நமக்கு இரவு 10.30. ஒரே ஆண்டில் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க முடியாது. பொறியியல், இயற்கை அறிவியல் போன்றவற்றுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கான பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும். அக்டோபர் 15 என்று மட்டும் தெரிந்து காத்திருப்பவர், விண்ணப்பத்தைச் சரியாக அனுப்பியும் அந்த ஆண்டை இழந்துவிடுவார். தங்கள் கல்விப் பக்கத்தில் இந்தத் தேதிகளை ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்