நட்டு முதலில், புரொப்பெல்லர் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சிறுவர் பகுதியில் வந்த ரிமோட் படகு செய்முறையைப் பார்த்து பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் படகு கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் அதில், "புரொப்பெல்லரை ஷாஃப்டில் இறுகத் திருகி, இரண்டு சொட்டு உடனொட்டும் பசை விடவும்" என்று ஒரு வரி இருக்கிறது. (புரொப்பெல்லர் என்பது படகைத் தள்ளும் சுழல் விசிறி; ஷாஃப்ட் என்பது அதை மோட்டாரோடு சேர்க்கும் சுழல் தண்டு.) அந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள்.

முன்னால் செல்லும்போது, பின்புறமிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் பக்கம் சுற்றுவது வலக்கைப் புரொப்பெல்லர். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். ஷாஃப்ட் முனையில் இருப்பதும் வலக்கை மரைதான், அதாவது கடிகார முள் பக்கம் திருகினால் இறுகும் மரை. ஷாஃப்ட் சுற்றும்போது தண்ணீர் புரொப்பெல்லரை எதிர்ப்பக்கம் தடுக்கும். அந்தத் தடை, மரையைக் கழற்றும் திசையிலேயே வேலை செய்கிறது. ஆக, படகு முன்னால் ஓட ஓட புரொப்பெல்லர் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளப் பார்க்கும். கையால் எவ்வளவு இறுக்கினாலும் இது நிற்காது. பசை காய்ந்தால் கண்ணாடி போல் ஆகிவிடும்; மணலிலோ கல்லிலோ ஒரு தட்டு தட்டினால் விட்டுப்போகும். விடாமல் பிடித்துக்கொண்டால் அதுவும் தொல்லைதான், பிறகு புரொப்பெல்லரை மாற்ற முடியாது.

சரியான வழி சுலபமானது. பொதுவாகக் கிடைக்கும் 4 மில்லிமீட்டர் ஷாஃப்டில் எம்4 மரை இருக்கும். முதலில் நைலான் வாஷரைக் கோத்து, அடுத்து எம்4 நட்டை மரையின் உள்கோடி வரை ஏற்றுங்கள். அதன்பின் புரொப்பெல்லரைத் திருகுங்கள். குறைந்தது 6 சுற்றாவது மரை பிடித்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 0.7 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். இப்போது புரொப்பெல்லரின் நடுக்குமிழைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, 7 மில்லிமீட்டர் ஸ்பானரால் நட்டைப் பின்னோக்கித் திருப்பி, புரொப்பெல்லரோடு முட்ட இறுக்குங்கள். இதழைப் பிடித்து இறுக்கவே கூடாது. வளைந்த இதழ் படகு முழுக்க அதிர வைக்கும்.

பித்தளைப் புரொப்பெல்லர் என்றால் நீல நிற மரைப்பூட்டுத் திரவம் ஒரு சொட்டு விடலாம். பிளாஸ்டிக்குக்கு அது வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விழ வைத்துவிடும். அங்கே நட்டு மட்டும் போதும். நடுவில் மரையுள்ள பித்தளைத் துண்டு பதித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

வாஷருக்கும், ஷாஃப்ட் நுழைந்து வரும் குழாயின் வாய்க்கும் இடையே அரை மில்லிமீட்டர் ஆட்டம், அதாவது இடைவெளி, விட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் வாஷர் தேய்ந்து சூடாகும், மோட்டார் மின்சாரத்தைக் குடிக்கும். ஆட்டம் கூடினால் புரொப்பெல்லரின் உந்து விசையெல்லாம், மோட்டாரையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங் வழியாக மோட்டாரின் பேரிங்கில் போய் முட்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் கனத்தால் மோட்டாரும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லை என்று பொருள்.

படகு பின்னால் போகிறது என்று புரொப்பெல்லரைக் கழற்றித் திருப்பிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். திருப்பிப் போட்டாலும் வலக்கை இடக்கையாகாது. இதழின் பின்விளிம்பு முன்னால் வந்து தள்ளும் வேகம் குறையும், அவ்வளவுதான். மாற்ற வேண்டியது மோட்டார் கம்பிகளை. பிரஷ் இல்லாத மோட்டாரில் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும்.

வேகம் வேண்டும் என்று பெரிய புரொப்பெல்லர் மாட்டுவது அடுத்த தவறு. 40 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு அதே வடிவில் 45 மாட்டினால், அதே சுற்று வேகத்துக்கு ஏறக்குறைய 80 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் சுமை ஏறுகிறது. மோட்டார் கருகுவது இதனால்தான். மாற்றினால் இரண்டு நிமிடம் ஓட்டி, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை ஐந்து நொடி வைத்திருக்க முடியவில்லையென்றால் பழையதையே மாட்டுங்கள்.

இவ்வளவும் எந்த ஊர்த் தண்ணீருக்கும் பொருந்தும். நம் கரைக்கென்று தனிக் கவனம் ஒன்று உண்டு. வடகடல் (பாக் நீரிணை) ஓரம் மிதக்கும் கடற்புல்லும், அறுந்த தங்கூசி நரம்பும் (தூண்டில் நைலான் இழை) நேராக அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளியில்தான் போய்ச் சுற்றும். நரம்பு சூட்டில் உருகிக் குழாய் வாயை அடைத்துவிடும், ஷாஃப்ட் நின்றுபோகும், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை எரியும். பேட்டரி கம்பியில் ஒரு ஃபியூஸ் அவசியம். முதல் ஓட்டத்தை ஊருணியிலோ கண்மாயிலோ வைத்துக்கொள்வது நல்லது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போகவே வேண்டாம்.

உப்புத் தண்ணீரில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஷாஃப்டை உருவித் துடைத்து, புதிய கிரீஸ் வைத்து மாட்ட வேண்டும். ஈரத்தோடு விட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து இதழ் செம்பு நிறமாகும். பிறகு கையால் ஒடிக்கலாம். எவர்சில்வர் ஷாஃப்டும் குழாய்க்குள் காற்றுப் படாத இடத்தில் குழி விழும்.

கழன்று விழும் பிளாஸ்டிக் புரொப்பெல்லர் கடலடியில் அப்படியே கிடக்கும். ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் புல்வெளி அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. அந்தப் பக்கம் பிள்ளைகள் படகு விடக் கூடாது என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

திருத்தத்தை எழுத்தாக மட்டும் போட்டால் பிள்ளைகளுக்குப் புரியாது. குழாய், வாஷர், நட்டு, புரொப்பெல்லர் என்று வரிசை தெரியும்படி பக்கவாட்டுப் படம் ஒன்று அச்சிடுங்கள். அரை மில்லிமீட்டர் இடைவெளியைப் படத்தில் சற்றுப் பெரிதாகவே காட்டுங்கள்.

இப்படிக்கு,
மாதிரிப் படகு கட்டும் வாசகர்கள்,
மண்டபம்.