பணி நிறைவுச் சான்று இல்லாமல் வீட்டுச் சாவியை ஒப்படைக்க முயல்வது, கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பளவு) குறைந்திருப்பது குறித்த புகார் கடிதம்

நாள்: 12.03.2025

அனுப்புநர்:
'பி' பிளாக், மூன்றாம் மாடி, 3-சி வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டவர்,
மேடவாக்கம், சென்னை.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
அடுக்குமாடிக் கட்டுமான நிறுவனம், சென்னை.

பொருள்: 3-சி வீடு – பணி நிறைவுச் சான்று பெறாதது, பரப்பளவு குறைவு, வாகன நிறுத்துமிடம், தாமத வட்டி – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், என் பணிக்கொடைத் தொகையையும் மகனுடன் கூட்டாக வாங்கிய வங்கிக் கடனையும் கொண்டு தங்கள் நிறுவனத்தின் மேடவாக்கம் குடியிருப்பில் மேற்கண்ட வீட்டை வாங்க 2022 மார்ச் மாதம் விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்தேன். வீட்டின் விலை 65,72,000 ரூபாய். இதில் 95 சதவீதமான 62,43,400 ரூபாயை ஒரு தவணைகூடத் தவறாமல் செலுத்திவிட்டேன். 2024 ஜூன் 30-ஆம் தேதிக்குள் வீட்டை ஒப்படைப்பதாக ஒப்பந்தத்தில் தாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இன்றுவரை முறைப்படி வீடு என் கைக்கு வரவில்லை. மூன்று மின்னஞ்சல்களுக்கும் இரண்டு நேரடிச் சந்திப்புகளுக்கும் பிறகும் எழுத்துப்பூர்வமான பதில் ஏதும் கிடைக்காததால் இந்தக் கடிதத்தைத் தங்களுக்கே நேரடியாக, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

விசாரிக்காமல் வாங்கியவள் அல்ல நான் என்பதை முதலில் சொல்லிவிட விரும்புகிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மனைக்கு 30 ஆண்டு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், தாய்ப்பத்திரத்திலிருந்து தற்போதைய கிரயப் பத்திரம் வரை தொடர்ச்சி அறுபடாமல் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கருத்துரை வாங்கினேன், பட்டாவில் உள்ள பெயரையும் சர்வே எண்ணையும் பத்திரத்தோடு ஒப்பிட்டேன், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதி எண்ணையும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்தேன். ஒப்பந்தம் பதிவாவதற்கு முன்பே 20 சதவீதம் கட்டச் சொன்ன தங்கள் விற்பனைப் பிரிவினரிடம், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று எடுத்துச் சொல்லி, அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன். மனையின் பத்திரங்களில் எந்தக் குறையும் இல்லை. மனையில் என் பங்கான பிரிபடாத பாகத்தின் அளவும் சொன்னபடியே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் வாங்குகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், இன்னும் எழும்பாத சுவர்களுக்கு இடையே அளவு நாடாவை வைத்துப் பார்க்க முடியாது. அங்கே தங்கள் நிறுவனம் கொடுத்த வரைபடத்தையும் வாக்கையும் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த இடத்தில்தான் நான் ஏமாற்றப்பட்டிருக்கிறேன்.

கடந்த ஜனவரி 20-ஆம் தேதி, வீடு தயாராகிவிட்டது, கடைசித் தவணையான 3,28,600 ரூபாயைக் கட்டிவிட்டுச் சாவியைப் பெற்றுக்கொள்ளலாம் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். அதற்கு முன்னதாகவே, அலமாரிக்கு அளவெடுப்பதற்காக எங்கள் ஆசாரியை அழைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். உட்புறப் படுக்கையறையில் அவர் நாடாவை இழுத்துப் பிடித்து, அளவைச் சுவரில் பென்சிலால் எழுதினார். பிறகு என் கையில் இருந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை அளந்தார். வரைபடத்தில் அந்த அறையின் அகலம் 10 அடி 6 அங்குலம். சுவரில் அவர் எழுதியது 9 அடி 11 அங்குலம். ஆறரை அடிக் கட்டிலும் இரண்டு அடி ஆழமுள்ள அலமாரியும் எதிரெதிரே போட்டால் நடுவே இரண்டு அடி இருக்கும் என்று கணக்கிட்டிருந்த இடத்தில் ஓர் அடி ஐந்து அங்குலம்தான் மிஞ்சுகிறது. அலமாரிக் கதவின் ஒரு பலகையே ஓர் அடி ஒன்பது அங்குலம். "கதவு முழுசாத் திறக்காதும்மா" என்று அவர் சொன்னபோதுதான் காகிதத்தில் ஏழு அங்குலம் என்பது வீட்டுக்குள் என்ன என்று எனக்குப் புரிந்தது.

உடனிருந்த தங்கள் தளப் பொறியாளரிடம் கேட்டதற்கு, அது பூச்சு வேலையின் கனம் என்றார். சுவரின் உட்பூச்சு ஒரு பக்கத்துக்கு அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தாலும் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாது. மீதி ஐந்தரை அங்குலம் எங்கே போயிற்று என்று திரும்பக் கேட்டபோது, கழிவுநீர்க் குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் ஷாஃப்ட் என்ற இடைவெளி முதலில் போட்ட அளவில் போதாமல் போனதால் அதை அகலப்படுத்தி, குளியலறைச் சுவரைப் படுக்கையறைப் பக்கம் தள்ளிக் கட்டியதாக ஒப்புக்கொண்டார். கட்டடம் எழும்பும்போது இப்படிப்பட்ட தேவை வரக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவரின் முன்சம்மதம் இல்லாமல் வீட்டின் அமைப்பில் மாற்றம் செய்யக் கூடாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டட அமைப்பின் காரணமாகத் தவிர்க்க முடியாத சிறு மாற்றமானாலும் தகுதியுள்ள கட்டடக் கலைஞரோ பொறியாளரோ சான்றளித்து, வாங்கியவருக்குத் தெரிவித்த பிறகே செய்ய வேண்டும். எனக்கு ஒரு வரித் தகவல்கூட வரவில்லை.

அதன் பின் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை அமர்த்தி வீடு முழுவதையும் அளக்கச் செய்தேன். சட்டத்தில் கார்பெட் ஏரியா என்பதற்கு உள்ள விளக்கப்படியே, வெளிச்சுவர், ஷாஃப்ட், பால்கனி ஆகியவற்றை விலக்கி, உட்சுவர்களின் கனத்தைச் சேர்த்தே அவர் கணக்கிட்டிருக்கிறார். ஒப்பந்தத்தில் 742 சதுர அடி. அளவில் 703 சதுர அடி. 39 சதுர அடி குறைகிறது. இதைத் தங்கள் விற்பனை மேலாளரிடம் காட்டியபோது, "உங்களுக்கு விற்றது 1,060 சதுர அடி, அதில் குறைவில்லை" என்றார். 1,060 என்பது படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் என் பங்கைச் சேர்த்துத் தாங்கள் விளம்பரத்தில் போட்ட சூப்பர் பில்டப் ஏரியா. நான் குடியிருக்கப் போவது படிக்கட்டில் அல்ல. வீட்டின் அளவைக் கார்பெட் ஏரியாவில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே சட்டம் அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதியிருக்கிறது. நம் ஒப்பந்தத்திலும் அந்த அளவே எழுதப்பட்டிருக்கிறது. அது குறைந்தால் அதற்குரிய தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. மொத்த விலையை 742-ஆல் வகுத்து 39-ஆல் பெருக்கினால் 3,45,428 ரூபாய் வருகிறது. தாங்கள் கேட்கும் கடைசித் தவணையைக் கழித்த பிறகும் 16,828 ரூபாய் தாங்கள்தான் எனக்குத் தர வேண்டியிருக்கிறது.

இதைவிடவும் என்னைக் கலங்க வைத்தது சாவி கொடுப்பதற்காகத் தங்கள் அலுவலகத்தில் நடந்தது. மேசை மேல் சாவிக்கொத்தை வைத்து, அதன் கீழே ஒரு தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து, அம்மா" என்றார்கள். வீட்டை முழுமையாகப் பார்வையிட்டுவிட்டேன், அளவிலும் தரத்திலும் முழுத் திருப்தி அடைகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று அந்தத் தாளில் அச்சாகியிருந்தது. பணி நிறைவுச் சான்றின் நகலைக் கேட்டேன். விண்ணப்பித்திருக்கிறோம், ஆய்வு நடக்கிறது, உள்ளலங்கார வேலைகளுக்காக இப்போதைக்குச் சாவி தருகிறோம், பதினொரு குடும்பங்கள் ஏற்கெனவே குடிவந்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. சாவியைத் தொடாமல் திரும்பி வந்தேன்.

அந்தப் பதினொரு குடும்பங்களின் நிலையையும் நேரில் போய்ப் பார்த்தேன். பணி நிறைவுச் சான்று இல்லாமல் இத்தகைய அடுக்குமாடிக் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது என்பதால், கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக இணைப்பிலிருந்தே அனைவருக்கும் கம்பி இழுத்திருக்கிறார்கள். மாலையில் எல்லா வீட்டிலும் மின்சாரத் தேவை கூடினால் இணைப்பு துண்டித்துக்கொள்கிறது, லிஃப்ட் நின்றுவிடுகிறது. முழங்கால் வலியுள்ள ஓர் அம்மையார் இரண்டாம் மாடிப் படியில் பால் பாக்கெட்டுடன் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இந்தச் சான்றைப் பெற்று, அதன் நகலை வாங்கியவர்களுக்குத் தர வேண்டிய பொறுப்பு சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி கட்டுமான நிறுவனத்துடையது. கட்டடம் அனுமதித்த வரைபடப்படி கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அரசு தரும் ஒரே உறுதி அதுதான். ஷாஃப்டை மாற்றிக் கட்டியதற்கும் சான்று தாமதமாவதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. தயவுசெய்து அதற்கும் பதில் தாருங்கள்.

வாகன நிறுத்துமிடத்தைப் பொறுத்தவரை, தரைத்தளத் தூண்களுக்கு இடையே கூரைக்குக் கீழே இடம் என்று காட்டித் தனியாக 2,50,000 ரூபாய் வாங்கினீர்கள். இப்போது ஒதுக்கியிருப்பது மதிலோரத்துத் திறந்தவெளி. திறந்தவெளி நிறுத்துமிடம் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் பொதுப் பரப்பு என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தனியே விற்க முடியாது. சொன்ன இடத்தைத் தாருங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

கடைசித் தவணையைத் தாமதப்படுத்துவதாகச் சொல்லி 18 சதவீத வட்டி கேட்டுத் தங்கள் கணக்குப் பிரிவு பிப்ரவரியில் அனுப்பிய நோட்டீஸை நான் ஏற்கவில்லை. வாங்குகிறவர் தாமதித்தால் எந்த வட்டியோ, நிறுவனம் தாமதித்தாலும் அதே வட்டிதான் என்று சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி அது பாரத ஸ்டேட் வங்கியின் உயர்ந்தபட்ச எம்.சி.எல்.ஆர். (கடன்களுக்கான அடிப்படை வட்டி) விகிதத்துடன் 2 சதவீதம் கூட்டியது. 2024 ஜூலை முதல் நான் மாதம் 17,000 ரூபாய் வாடகையும் கட்டி, வங்கித் தவணையும் கட்டி வருகிறேன். வீட்டை வேண்டாம் என்று சொல்லி வெளியேறும் எண்ணம் எனக்கு இல்லை. ஆகவே 18-ஆம் பிரிவுப்படி, முறையாக ஒப்படைக்கும் நாள்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் நான் செலுத்திய தொகைக்கு வட்டி தர வேண்டியவர்கள் தாங்கள்.

ஆகவே, பணி நிறைவுச் சான்றுக்கான விண்ணப்பத்தின் நகலையும் அதன் இன்றைய நிலையையும் எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும், தங்கள் பொறியாளரும் என் பொறியாளரும் சேர்ந்து வீட்டை அளக்க ஒரு நாளைக் குறிக்கவும், அந்த அளவின்படி கணக்கைத் தீர்க்கவும், தாமத வட்டியைக் கணக்கிட்டு அனுப்பவும், 18 சதவீத நோட்டீஸைத் திரும்பப் பெறவும் கேட்டுக்கொள்கிறேன். அளவிலும் தரத்திலும் திருப்தி என்ற அந்தத் தாளில் நான் கையெழுத்திட மாட்டேன்; சான்றின் நகல், நிரந்தர மின் இணைப்பு, சேர்ந்து எடுத்த அளவு ஆகிய மூன்றையும் குறிப்பிடும் ஒப்படைப்புக் கடிதமாக இருந்தால் அன்றே கையெழுத்திட்டுச் சாவியைப் பெற்றுக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், சட்டத்தின் 31-ஆம் பிரிவின் கீழ் ஒழுங்குமுறை ஆணையத்திலும், இழப்பீட்டுக்காக 71-ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பு அலுவலரிடமும் முறையிடுவேன். ஒப்பந்தத்தின் நகல், பணம் செலுத்திய ரசீதுகள், பொறியாளரின் அளவீட்டு அறிக்கை, ஆசாரி சுவரில் எழுதிய அளவின் புகைப்படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்தப் பென்சில் எழுத்தின் மேல் வண்ணம் அடித்துவிட வேண்டாம் என்று தளத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லி வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
3-சி வீட்டை வாங்கியவர்