பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் எழும்பும் ஸ்டில்ட் பிளஸ் 3 கட்டடங்களின் கழிவுநீர் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்,
ஏரிக்கரைக்குக் கீழுள்ள மனைப்பிரிவு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பார்வை: மண்டல அலுவலகத்திலும் குறைதீர் கூட்டத்திலும் முன்பே கொடுத்து, பதில் வராத எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரிக்கரைக்குக் கீழே உள்ள எங்கள் குறுக்குத் தெருக்களைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஒரு கிரவுண்டுக்கு ஒரு வீடு என்று போட்ட லேஅவுட் இது. இன்று பழைய வீடு இடிபடும் இடமெல்லாம் ஸ்டில்ட் பிளஸ் 3, அதாவது கீழே தூண்களுக்கு இடையில் கார் நிறுத்தமும் மேலே மூன்று மாடிகளும் கொண்ட கட்டடம் எழும்புகிறது. 2,400 சதுர அடி மனை, தளப்பரப்புக் குறியீடு 2 (மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம்), ஆக 4,800 சதுர அடியில் ஆறு வீடுகள். விதிப்படிதான் கட்டுகிறார்கள், மறுக்கவில்லை. குடிவரும் குடும்பங்கள் மீதும் எங்களுக்கு வருத்தமில்லை. சென்னைக்குள் வாங்க முடியாதவர்களுக்கு இந்த வீடுகள் தேவைதான். அந்த ஆறு வீட்டின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதே எங்கள் முறையீடு.

1. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசின் கணக்கு. அதில் 80 சதவீதம் கழிவுநீராகிறது. நான்கு பேர் இருந்த தனி வீட்டில் சுமார் 430 லிட்டர். அதே மனையில் 24 பேர் என்றால் சுமார் 2,600 லிட்டர். தெரு அதே 20 அடிதான்.

2. செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீரை உறைகிணறு மண்ணுக்குள் இறக்க வேண்டும். இங்கே களிமண். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நான்கு அடியிலேயே ஊற்று வந்துவிடும். சொட்டு நீர்கூட இறங்காது. போதாக்குறைக்கு, தொட்டிக்குள் தடுப்புச் சுவர் கட்டுவதில்லை, வெளியேறும் குழாயில், கசடைத் தடுக்கும் 'டீ' (T வடிவ இணைப்பு) போடுவதில்லை. கசடு நேரே உறைகிணற்றுக்குப் போய் அடைத்துக்கொள்கிறது. 10,000 லிட்டர் தொட்டி நான்கே நாளில் நிரம்புகிறது. 6,000 லிட்டர் லாரி என்றால் ஒரு கட்டடத்துக்கு மாதம் 13 நடை வேண்டும். யார் எடுப்பார்கள்? தொட்டியின் மூடிக்கு மேலேயே கார் நிற்கிறது. ஆகவே நான்கு அங்குல பிவிசி குழாயைப் புதைத்து மழைநீர் வடிகாலில் விட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மோட்டார் போடுகிறார்கள். சிலாப் இடுக்கில் நுரை பொங்குவதை எந்த இரவிலும் பார்க்கலாம்.

ஐயா, இதில் அடிபடுவது யார் தெரியுமா? ஸ்டில்ட் கட்டடத்தின் தரைத்தளத்தில் கார்தான் இருக்கிறது. சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்ட சாலையால் பள்ளமாகிப்போன பழைய வீடுகளில் மனிதர்கள் இருக்கிறார்கள். வடிகால் நிறைந்தால் அந்த வீடுகளின் குளியலறை ஜாலி வழியே பக்கத்துக் கட்டடத்தின் மலஜலம் மேலேறுகிறது. ஈரச் சாக்கை ஜாலியில் திணித்து, அதன் மேல் அம்மிக்கல்லை வைத்துவிட்டுப் படுக்கிறார்கள். வயதானவர்கள் இரவில் கழிப்பறை போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள்.

3. உறைகிணறு குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. 18 மீட்டர் என்றால் 59 அடி. எங்கள் மனையின் நீளமே 60 அடி! அண்டை வீட்டு போர்வெல்லையும் சேர்த்துப் பார்த்தால் எங்கேதான் தோண்டுவது? போர் தண்ணீர் நாறுகிறது, குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் கறுப்பு படிகிறது.

4. ஒரே வளாகமாக 150 வீடு கட்டினால் சுத்திகரிப்பு நிலையம் கேட்கிறீர்கள். ஆறு ஆறாக 25 கட்டடம் வந்தால் கேட்பதில்லை. கழிவுநீரின் அளவு ஒன்றுதானே?

5. "நோட்டீஸ் கொடுத்தாயிற்று" என்கிறார்கள். கொடுத்த மறுநாளும் அதே குழாயில் அதே தண்ணீர் வந்தது. இணையத்தில் போட்ட புகாரை 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முடித்துவிட்டார்கள். என்ன நடவடிக்கை? யார் வந்தார்கள்?  இந்த வடிகால் நீர் பள்ளிக்கரணைக்குப் போகிறது. 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்த சதுப்பு நிலத்துக்கு எங்கள் தெருவிலிருந்து போவது இதுதான்!

கைகூப்பிக் கேட்கிறோம், ஐயா. வடிகாலின் சிலாப்புகளைத் தூக்கி, உள்ளே வரும் குழாய்களைக் கண்டுபிடித்து அடைக்க உத்தரவிடுங்கள். அடைத்த அன்றே லாரி நடைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே உடைத்துவிடுவார்கள். புதிதாக அனுமதி பெறும் கட்டடங்களில், தொட்டிக்கு மேல் சிலாப் போடும் முன் உதவிப் பொறியாளர் இறங்கி அளவும் தடுப்புச் சுவரும் பார்க்கட்டும். சிறு கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்று விலக்கு இருப்பதால் பிறகு யாருமே பார்ப்பதில்லை. மூடி, லாரிக் குழாய் எட்டும் இடத்தில் இருக்கட்டும். பாதாளச் சாக்கடை வரும்வரை, ஒரு கிரவுண்டில் ஆறு வீடு கேட்பவர்களிடம் சிறு சுத்திகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்குங்கள்.

பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு எந்த ஆண்டு வரும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். மற்றதெல்லாம் தாமதமானாலும், ஐப்பசிக்கு முன் அந்தக் குழாய்களை மட்டுமாவது அடைத்துத் தாருங்கள், ஐயா. குழாய்களை அடைத்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்