கோயில்காட்டு வேலித் திருப்பணி: நிறைவு அறிக்கை

கோயிலில் பங்குள்ள கரைகாரர்களுக்கும், வெளியூரில் பிழைக்கும் பங்காளிகளுக்கும், பெண் கொடுத்த, எடுத்த சொந்தங்களுக்கும் வணக்கம்.

அய்யனார் காட்டைச் சுற்றியிருந்த முள்கம்பியைப் பிரித்துவிட்டு மாற்று வேலி போடும் வேலை கருப்பசாமி துணையோடு முடிந்தது. தலைக்கட்டு வரி கொடுத்தவர்கள் பெயரும் வரவு செலவும் சாவடிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று.

மண்டபத்துக்கு வெள்ளையடிக்காமல் வேலிக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அய்யனாருக்குக் காடுதான் கோயில். அங்கே இருக்கும் தேவாங்கும் உடும்பும் மயிலும் ஆந்தையும் அவர் காவலில் இருப்பவை. அவர் எல்லையிலேயே அவை கம்பியில் மாட்டிச் சாகும்போது மண்குதிரை சுமந்து புரவியெடுப்புத் திருவிழா நடத்த எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

ஆடு மாடும் மண் அள்ளும் வண்டியும் நுழையாமல் இருக்கத்தான் அந்த வேலி போட்டது. அந்தத் தேவை இன்னும் இருக்கிறது. ஆனால் இரவில் பறப்பவற்றுக்கு முள்கம்பி தெரிவதில்லை. பழந்தின்னி வௌவால் தாழப் பறந்து வரும்போது இறக்கைத் தோல் முள்ளில் குத்திக்கொள்கிறது. விடுபடப் புரளும்போது தோல் கம்பியோடு சுற்றிக் கிழிகிறது. கம்பியைக் கடித்துக் கடித்து வாயும் புண்ணாகிவிடும். விடியற்காலையில் தெற்கு மூலையில் அப்படித் தொங்கியதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் இதே கொடுமைதான். அங்கே வௌவால்களும் பறக்கும் அணில் போன்ற சிறு பிராணிகளும் பெரும்பாலும் மேல்கம்பியில்தான் சிக்குகின்றன.

மான் சாவது வேறு விதம். தாண்டும்போது பின்னங்கால் மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே விழுந்துவிட்டால், இரண்டும் முறுக்கிக்கொண்டு காலைப் பிடித்துக்கொள்ளும். துள்ளத் துள்ள இறுகும்.

அதனால் புது வேலியில் முள்ளே கிடையாது. பழைய கல்லுக்கால்களை அப்படியே வைத்துக்கொண்டு துத்தநாகம் பூசிய வெறும் ஜிஐ கம்பி இழுத்திருக்கிறோம். கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. மான்குட்டி, முள்ளம்பன்றி, அழுங்கு என்கிற எறும்புத்தின்னி எல்லாம் குனிந்து போய்விடும். மேல்கம்பி மூன்றரை அடிக்கு மேல் போகவில்லை. அதற்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி. மேல்கம்பி இருட்டிலும் கண்ணில் படுவதற்காக வெள்ளை பிவிசி குழாயைக் கோத்திருக்கிறோம். ஆட்டைத் தடுக்க உள்பக்கம் கிளுவைப் போத்து, அதாவது நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு, நட்டிருக்கிறது. அது வளர்ந்து நெருங்கும்வரை ஆடு மேய்ப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலியோரம் இரண்டு பக்கமும் மரத்தைக் கழித்துவிடலாம் என்று வேலைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்றோம். தேவாங்கு கிளைவிட்டுக் கிளை நடந்தே போகிற பிராணி. உசிலைக் கிளைகள் பின்னியிருக்கும் இடத்தை வெட்டினால் அது தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்கினால் நாய்க்கு இரை. வாசல் பக்கம் மட்டும் கிளை எட்டவில்லை, அங்கே இரு மரத்துக்கும் குறுக்கே மூங்கில் கட்டியிருக்கிறோம்.

பக்கத்து அரிட்டாபட்டியில் 193.21 எக்டேர் நிலத்தை 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது எல்லாருக்கும் தெரியும். அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் அங்கே உண்டு. அவை எல்லைக்கல் பார்த்து நடப்பதில்லை. அழகர்மலை அடிவாரத்தில் நம்முடையதைப் போன்ற காடுகள்தான் அவை ஒண்டிப் போகும் வழி.

காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பன்றித் தொல்லை எவ்வளவு என்பது எங்களுக்கும் தெரியும், கடலை போட்டவன் வயிறு எரியும். அதற்காக லைனிலிருந்து நேராகக் கரண்ட் இழுத்து வேலியில் விடக்கூடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளியில் அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதனும் அதில்தான் போகிறான். மின்வேலி தேவைப்பட்டால், விட்டுவிட்டு அடிக்கும் கருவியோடு கூடிய சோலார் வேலிக்கு வழி இருக்கிறது. அதற்கும் 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி முன்அனுமதி வாங்க வேண்டும். மனு எழுத கமிட்டி உதவும். பழைய மீன்வலையை வரப்பில் கட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சாரையும் உடும்பும் அதில்தான் சிக்கிச் சாகின்றன.

எங்காவது பிராணி கம்பியில் மாட்டியிருப்பதைக் கண்டால் பிடித்து இழுக்காதீர்கள். தலைமேல் துணியைப் போட்டால் அடங்கும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது.

பிரித்த முள்கம்பி வேறு வேலிக்குப் போய்விடக்கூடாது என்று துண்டு துண்டாக வெட்டிய பிறகே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம். அந்தப் பணம் கோயில் கணக்கில் வரவு.

கண்மாய்க்கரைப் பக்கம் போத்து சில இடங்களில் பட்டுப்போயிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொரு கரைகாரர் வகையறாவிலும் இரண்டு பேர் வந்து இடைவெளியை நிரப்ப வேண்டும். வருபவர்கள் சாவடியில் பெயர் கொடுத்துவிடுங்கள், மண்வெட்டி கோயிலிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்