ரெட் நோய்க்குத் தாயைப் பழிப்பது தகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் அயலிலுள்ள சிறுமியொருத்தி, ஒன்றரை வயதுவரை ஓடியாடி 'அம்மா' என்றழைத்தவள், பின்னர் பேச்சிழந்து, துணி அலசுவதுபோல இரு கைகளையும் ஓயாமல் பிசைந்துகொண்டிருக்கிறாள். கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததாகத் தாயை உறவினர் இன்றும் குத்திக்காட்டுகிறார்கள். நூல் கட்டியதும் நேர்த்தி வைத்ததும் தனிக்கதை.

வைத்தியர்கள் இதனை ரெட் நோய் என்றார்கள். எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள (குரோமோசோம்) எம்இசிபி2 என்னும் மரபணுவின் விகாரமே, அதாவது அதில் நேர்ந்த மாற்றமே, இதற்குக் காரணம் என்பதை, லெபனானில் பிறந்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆய்வு செய்யும் ஹுதா சொக்பியின் குழு 1999ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தது. அம்மரபணு ஆக்கும் புரதம், மூளையின் நரம்புக்கலங்களில் வேறு பல மரபணுக்கள் எந்த அளவுக்கு இயங்கவேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிறது. பெரும்பாலும் இவ்விகாரம் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகத் தோன்றுவது. அதுவும் தந்தையின் விந்தணுவில் நேர்வதே அதிகம் (அதற்காகத் தந்தையையும் குற்றஞ்சொல்ல முடியாது). 2007இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் ஆய்வுக் குழு, அம்மரபணு முடக்கப்பட்ட சுண்டெலிகளில் அதனை மீண்டும் இயங்கச் செய்தபோது, முற்றிய அறிகுறிகளே பெருமளவு விலகின. மனிதருக்கு அத்தகைய சிகிச்சை இன்னும் கைக்கு எட்டவில்லை.

தங்கள் வாரமலரில் நரம்பியல் வைத்தியர் ஒருவரைக்கொண்டு இதுபற்றி எழுதுவித்தால், கணவன் வீட்டாரிடம் காட்ட அந்தத் தாய்க்கு ஒரு தாளாவது கிடைக்கும்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.